மழை மன்றாட்டில் மூடிய வாய்

பங்குச் சாமியார் மழைக்காக மன்றாடச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் மின்சாரம் இல்லை. பெண்கள் பக்கம் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். முந்தானைகளும் பாட்டுப் புத்தகங்களும் விசிறிகளாகியிருந்தன. என் மகள் ஏஞ்சலுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். என் மடியில் கிடந்து துப்பட்டாவின் நுனியை மென்றுகொண்டிருந்தாள்.

பீடத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெண் படித்தாள்: "வாடி நிற்கும் பயிர்களுக்கும், தாகத்தில் தவிக்கும் ஆடுமாடுகளுக்கும் வானத்தைத் திறந்து மழை தரும்படி உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் மொத்தமும்.

நான் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் என் மாமியார். செபம் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார், காதை மூடமாட்டார். அடுத்த மன்றாட்டிலும் என் குரல் கேட்கவில்லை என்றதும் என் தொடையைக் கிள்ளினார்.

"ஏன், வாயில கொழுக்கட்டையா?"

"தொண்டை கட்டியிருக்குதுங்க அத்தை."

கோயிலுக்குள் பொய். பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் சாமியாரிடம் என்னவென்று சொல்வது? ஊரே மழை கேட்டபோது, இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்றா?

உண்மை அதுதான். கோயில் ஜன்னல் வழியாகத் தெரிந்த துண்டு வானத்தில் மேகம் இருக்கிறதா என்று நானும் எல்லோரையும் போலத்தான் பார்த்தேன். இல்லை என்றதும் என் ஒருத்திக்குத்தான் நிம்மதியாக இருந்தது.

காய்வதற்கென்றே விதைத்தது

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் பிரசவத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "வேலைக்குப் போகிறீர்கள் என்கிறீர்கள், என்ன வேலை என்று சொல்லவே இல்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சொல்லத் தயங்கினேன். காரணம் போகப் போகத் தெரியும்.

நான் கேழ்வரகு ஆராய்ச்சியில் ஒப்பந்த உதவியாளர். எங்கே என்று எழுதப் போவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் உண்டு. "இதையெல்லாம் எழுதினா புதுப்பிப்பாங்களா?" என்று என் கணவர் போன வாரம்கூடக் கேட்டார். அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாரண்டஹள்ளியில் பஸ் ஏறினால் தூங்கிவிடுவார், தொழிற்சாலை வாசலில்தான் கண் விழிப்பார். அவருக்கு இருப்பது நியாயமான பயம். எனக்கும் உண்டு. இருந்தும் எழுதுகிறேன்.

வேலை இதுதான். மழை பொய்த்த வருஷத்திலும் கொஞ்சமாவது மணி பிடிக்கிற ராகி ஒன்றை உருவாக்க வேண்டும். நல்ல வருஷத்தில் வண்டி வண்டியாக விளைகிற ரகங்கள் ஏற்கெனவே உண்டு. கெட்ட வருஷத்தில் கைவிடாத ரகம்தான் எங்கள் பக்கத்துக்குத் தேவை. பல செடிகளை ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விதைத்து, தேறியதை மட்டும் வைத்துக்கொண்டு வந்தோம். கடைசியில் பத்துப் பன்னிரண்டு வகை மிஞ்சியது.

அவற்றில் எது வறட்சியைத் தாங்கும் என்று தெரிய ஒரே வழிதான் இருக்கிறது. வறட்சியில் நிற்க வைத்துப் பார்ப்பது. அதற்காக எங்கள் ஊரிலேயே ரோட்டோரமாக ஒரு மானாவாரிக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். காட்டை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் எல்லா வகைகளையும் இடம் மாற்றி மாற்றி விதைத்திருந்தோம். ஒரே இடத்தில் போட்டால் நன்றாக வந்தது மண்ணாலா, விதையாலா என்று தெரியாது. மூன்று இடத்திலும் ஒன்றே தாங்கி நின்றால், அது விதையின் குணம்.

விதை போட்டபின் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. மழை பெய்தால் பெய்யட்டும். பெய்யாவிட்டால் காயட்டும்.

பிளாஸ்க்

ராகிப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். கதிரின் விரல்களுக்குள் அது ஒளிந்திருக்கும். ஒரு பூவுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பதால் பக்கத்துச் செடியின் மகரந்தம் அதற்குத் தேவையே இல்லை. அதை வேறொரு செடியோடு சேர்த்துவைப்பது சாமானியப்பட்ட காரியம் இல்லை.

அதற்கு நாங்கள் செய்வது வேடிக்கையாக இருக்கும். பூக்கப் போகிற கதிரைச் செடியோடு வளைத்து வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி வைப்போம். சூடு சரியாக இருந்தால் ஆண் மகரந்தம் மட்டும் செத்துப்போகும். சூடு கூடினால் கதிரே வெந்துவிடும். பிறகு வேறொரு செடியின் கதிரை இதோடு சேர்த்துக் கட்டி, காகித உறை போட்டு மூடுவோம். தாய்ச் செடி பச்சைத் தண்டும், தகப்பன் செடி ஊதா நிறத் தண்டும் உள்ளவை என்றால், பிறக்கிற பிள்ளைகளில் ஊதாவாக முளைப்பவைதான் கலப்பில் வந்தவை. மற்றதெல்லாம் ஏமாற்றம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெந்நீர் எடுத்துப்போக ஒரு பிளாஸ்க் வாங்கினேன். கல்யாணமாகி, ஏஞ்சல் பிறந்தபின் அதே பிளாஸ்க்கில்தான் அவள் பால்புட்டிக்கு வெந்நீர் வைத்தேன். இரண்டு இடத்திலும் எனக்கு ஒரே பயம். சூடு சரியா? கூடிவிட்டதா? தெர்மாமீட்டர் கையில் இருந்தாலும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

அப்படிக் கலந்து வந்தவற்றில் இரண்டை மட்டும் இந்தக் கதைக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடுப்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் கதிர் விட்டு, பார்க்க மணப்பெண் மாதிரி நிற்கும். கூலிக்கு வரும் பெண்கள் அதற்கு நெட்டை என்று பேர் வைத்திருந்தார்கள். இன்னொன்று முழங்காலைத் தாண்டாது. கதிர் மூடிய கைப்பிடி போல இருக்கும். அது குட்டை.

விதைத்த முதல் வருஷமும் அடுத்த வருஷமும் நல்ல மழை. எல்லாம் விளைந்தன. நெட்டைதான் முதலிடம். ஊருக்குச் சந்தோஷம், எங்கள் சோதனைக்கு வீண். நனைந்த வருஷத்தில் வறட்சியை எப்படிச் சோதிப்பது?

மூன்றாம் வருஷம், பயிர் பூக்கிற நேரம் பார்த்து மழை நின்றது.

"புள்ளைக்காச்சும் ஊத்தறியா?"

எங்கள் சோதனைக் காட்டை ஒட்டி ஒருவர் சொட்டுநீரில் தக்காளி போட்டிருந்தார். அந்தப் பக்கம் கரும்பச்சை. இந்தப் பக்கம் என் ராகி மத்தியான வெயிலில் இலைகளைச் சுருட்டிக்கொண்டு ஊசி ஊசியாக நிற்கும். நடுவில் ஒரு வரப்புதான்.

தினம் காலையில் போய், இரவு குளிர்ச்சியில் எந்தெந்தச் செடி இலையை மறுபடி விரித்திருக்கிறது என்று பார்ப்பேன். நெட்டை விரிக்காமல் அப்படியே கிடந்தது. குட்டை ஒவ்வொரு காலையும் விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதே நாட்களில் என் மாமனாரின் சொந்த ராகிக் காடும் கருகிக்கொண்டிருந்தது.

ரோட்டில் போகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். களையெடுக்க வரும் மாதம்மாள் அக்கா வரப்பில் நின்று ஒருநாள் கேட்டாள்.

"ஏம்மா, பக்கத்துல பைப்பு ஓடுது. அந்த மனுசனக் கேட்டா ஒரு மடை உடமாட்டாரா?"

"உடுவாருங்க அக்கா. நாங்கதான் வேணாம்னு இருக்கோம்."

"வேணாம்னா?"

"எது தாங்குதுன்னு பாக்கறதுக்குங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சவங்கன்னா இப்படித்தான் போல. கண்ணு முன்னால சாக உட்டுப் பாக்கறது." என் இடுப்பில் இருந்த ஏஞ்சலின் கன்னத்தைத் தட்டினாள். "இந்தப் புள்ளைக்காச்சும் ஊத்தறியா? இல்ல, இதுவும் தாங்குதான்னு பாக்கறியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா மட்டும் சிரிக்காமல் "அய்யோ பாப" என்று பரிதாபப்பட்டார். எனக்கா, ராகிக்கா, குழந்தைக்கா, தெரியவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம் வீடு வரைக்கும் தாங்கவில்லை. ஏஞ்சல் அப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. அங்கன்வாடியில் எடை போட்டபோது மஞ்சளில் இருக்கிறாள் என்றார்கள். பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி, மஞ்சள் என்றால் கவனம். நடுவில் இருப்பது எனக்கு எப்போதும் ஆகாது. ராகிக் கூழில் வெல்லம் போட்டேன், நெய் விட்டேன், துப்பினாள். காட்டில் காயவிட்டுப் பார்ப்பதே குணமாகி, குழந்தையிடமும் எதையோ கவனிக்கத் தவறிவிட்டேனோ? மாதம்மாள் அக்கா சொன்னது வெறும் வாய்த்துடுக்கு. ஆனால் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதுதான் காதில் விழுந்தது.

என் மாமியாரும் விடவில்லை. "ஊரு வாயில உழுந்து எந்திரிக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சாங்க?" என்பார். எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். அதைப் பிடிக்கும் நாளில் அவர் வாய் இன்னும் கூர்மையாக இருக்கும்.

பச்சையா இருக்கணும்

கோயிலில் நான் வாய் மூடி உட்கார்ந்திருந்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை, என் அதிகாரி போன் செய்தார். பேரும் பதவியும் வேண்டாம். நல்ல மனிதர்தான், யாரையும் அதட்டமாட்டார். அதனால்தான் அவர் சொல்வதை மறுப்பது கஷ்டம்.

"செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து பெரியவங்க வர்றாங்கம்மா. நம்ம ராகியப் பாக்கறாங்க. எப்படி இருக்குது?"

"ரொம்ப நல்லா காயுதுங்க சார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "வித்தியாசம் அப்படியே தெரியுது. நெட்டை போயிடும் சார். குட்டை நிக்குது."

"அப்ப ஒரு தண்ணி உட்ரலாம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு சார்?"

"பச்சையா இருக்கணும்ல? போட்டோ எடுப்பாங்க."

"சார், பூக்கற நேரம் சார். இப்ப ஒரு தடவ குடிச்சா எல்லாமே பொழச்சுக்கும்."

"எல்லாமே பொழச்சுக்கும்னா நல்லதுதானேம்மா?"

இந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பயிர் ஆராய்ச்சிக்கென்று சம்பளம் வாங்குகிறவர், வறட்சிச் சோதனையில் எல்லாப் பயிரும் பிழைத்துக்கொண்டால் நல்லதுதானே என்கிறார். பரீட்சை எழுதுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் விடையை எழுதிப் போட்டுவிட்டு, எல்லோரும் பாஸ், நல்லதுதானே என்று கேட்கிற வாத்தியாரை என்ன செய்வீர்கள்?

"எது தாங்கும்னு தெரியாம போயிடும் சார். இந்தக் காய்ச்சலுக்குத்தான் சார் இத்தன வருஷமா காத்திருந்தோம்."

"அப்ப காஞ்ச காட்டக் காட்டி, இதுதான் எங்க சாதனைன்னு நான் சொல்லணுமா?"

"ஆமாங்க சார். அதைத்தான் காட்டணும்."

அவர் சிரித்தார். "சரி சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். நான் அதை என் பேச்சுக்கு ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் கோயிலில் வானத்துக்குத்தான் பயந்தேன். மனிதர்களுக்குப் பயப்படத் தோன்றவில்லை.

லாரி

திங்கட்கிழமை காலை அங்கன்வாடியில் எடை போடும் நாள். முந்தின மாதம் வேலையால் போக முடியவில்லை. காட்டுக்குப் போய்விட்டு அங்கே போவதா, அங்கே போய்விட்டுக் காட்டுக்குப் போவதா என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. குழந்தைதான் முதலில் என்று முடிவு செய்தேன். சரியான முடிவுதான். ஆனாலும் அதைப் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

ஏஞ்சல் மஞ்சளிலேயே இருந்தாள். "எறங்கல இல்ல? அதுவே நல்லதுதாம்மா" என்றார் டீச்சர். சத்துமாவுப் பொட்டலத்தோடு வெளியே வந்தேன். தண்ணீர் லாரி ஒன்று எங்கள் தெருவைத் தாண்டிப் போன சுவடு ரோட்டில் சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது. அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது எங்கள் காட்டு வழியில் திரும்பியது.

முதலில் வாசனைதான் வந்தது. காய்ந்த செம்மண்ணில் தண்ணீர் விழுந்தால் வருமே, அந்த வாசனை. அதற்காகத்தான் ஊரே கோயிலில் மன்றாடியது. நான் ஓட ஆரம்பித்தேன்.

லாரி ரோட்டோரத்தில் நின்றிருந்தது. தடித்த ஹோஸ் குழாய் காட்டுக்குள் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. ரோட்டோரப் பாகம் முழுக்கத் தண்ணீரில் நின்றது. டிரைவர் முனியப்பன் எங்கள் ஊர்ப் பையன்தான். குழாயை நடுப் பாகத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க! முனியப்பா, நிறுத்து!"

"என்னங்க்கா?"

"யாரு உடச் சொன்னது?"

"உங்காபீசுலதாங்க்கா. பூரா நனைக்கச் சொன்னாங்க."

ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையில் சத்துமாவு. குழாயின் வாயில் காலை வைத்து மிதித்தேன். தண்ணீர் என் மீதும் ஏஞ்சல் மீதும் அடித்தது. அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். அந்தக் காட்டில் அன்று சந்தோஷமாக இருந்தது அவள் ஒருத்திதான்.

"எனக்குத் திட்டு உழும்க்கா."

"உழட்டும். எம்மேல சொல்லு. இந்தத் தண்ணி இதுக்கு மேல ஒரு அடி போகக் கூடாது."

"மீதி பாதி லாரி இருக்குதேக்கா. நானு என்ன பண்றது?"

அதற்குப் பதில் பின்னாலிருந்து வந்தது. "எனக்கு ஊத்து!"

என் மாமியார். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். அவருக்குப் பின்னால் மாதம்மாள் அக்கா, அவளுக்குப் பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது. லாரி தெருவில் நிற்காமல் போனதைப் பார்த்து, எங்கே போகிறது என்று துரத்திக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஏன்டா, நாங்க வாரமெல்லாம் கொடத்த வெச்சுகிட்டு தவங்கெடக்கறோம். நீ யாருக்குடா கொண்டாந்து ஊத்தற?" என்று மாதம்மாள் அக்கா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ராகிக்குங்க ஆத்தா."

"அதுதான் வேணாங்குதே! ஒரு மாசமா இந்தப் பொண்ணு வேணாம் வேணாம்னு கத்திகிட்டு கெடக்குது. வேணாங்கறதுக்கு ஊத்துவ, வேணுங்கறவ வாயில மண்ணா?"

ஒரு மாதமாக என்னைக் கொலைகாரி போலப் பார்த்தவள் என் பக்கம் நின்று பேசினாள். தண்ணீருக்காகத்தான் பேசினாள் என்று தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது. லாரியைத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். என் மாமியார் நனைந்த பேத்தியைப் பிடுங்கிக்கொண்டு, "புள்ளைக்குச் சளி புடிச்சா உன்ன உடமாட்டேன்" என்றார். திட்டுகிறார் என்றால் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ரோட்டோரப் பாகம் போய்விட்டது. சாயந்திரம் பார்த்தபோது, நெட்டை சுருட்டிய இலையை எல்லாம் விரித்துக்கொண்டு சிலுசிலுவென்று நின்றது. சரிவில் கசிந்த தண்ணீர் நடுப் பாகத்தின் ஓரத்தையும் நனைத்திருந்தது.

காரின் கண்ணாடி

செவ்வாய்க்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். மத்தியான வெயில். கார் ரோட்டோரம் நின்றது. பின்பக்கக் கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே இருந்த குளிர் என் முகத்தில் பட்டது. என் அதிகாரி குனிந்து, "இதுதாங்க நம்ம வறட்சி ராகி" என்று நெட்டையைக் காட்டினார். உள்ளே இருந்தவர் "வெரி குட்" என்றார். கண்ணாடி ஏறியது.

அவ்வளவுதான். காரை விட்டு இறங்கவே இல்லை. இறங்காதவருக்காக ஒரு தெருவின் குடிதண்ணீரும், இத்தனை வருஷ வேலையும் மண்ணில் ஊற்றப்பட்டன.

உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் போட்டோ வந்தது. நெட்டைக்கு நடுவில் என் அதிகாரி. வறட்சியை வென்ற கேழ்வரகு என்று மேலே கொட்டை எழுத்து. என் மாமனார் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் இந்த வெதையவே போட்ரலாமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். அவர் காட்டில் அந்த வருஷம் மணியில்லாத தட்டு மட்டும்தான் மிஞ்சியது. அதை மேய மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்.

"வேணாங்க மாமா" என்றேன். "அது தண்ணி குடிச்சது."

சராசரி

அறுவடையில் நான் எதிர்பார்த்ததுதான் வந்தது. நனைந்த பாகத்தில் நெட்டை அள்ளிக் கொடுத்தது. தண்ணீர் எட்டாத கடைசிப் பள்ளத்துப் பாகத்தில் அதன் கதிரைக் கசக்கி ஊதினால் உள்ளங்கையில் ஒன்றும் நிற்கவில்லை, எல்லாம் பதர். குட்டை எங்கும் அதிகமாகக் கொடுக்கவில்லை. ஆனால் எங்கும் கொடுத்தது. கசக்கி ஊதிய பிறகும் சிவப்பு மணி கையில் கனத்தது.

"மூணு பாகத்தையும் கூட்டிச் சராசரி போட்டா நெட்டைதாம்மா மொதல்ல வருது" என்றார் என் அதிகாரி.

சராசரி! இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திங்கட்கிழமை குழந்தைக்கு மூன்று தட்டுச் சோறு வைத்துவிட்டு, செவ்வாய், புதன் பட்டினி போட்டுவிட்டு, சராசரியாக தினம் ஒரு தட்டு சாப்பிடுகிறாள் என்று அங்கன்வாடி டீச்சரிடம் சொல்ல முடியுமா? மழையில்லாத வருஷத்தில் சராசரியை வேகவைத்துக் களி கிண்ட முடியுமா?

எங்களுடையது போல மற்ற ஊர்களில் நடந்த சோதனைகளையும் சேர்த்து, எந்த ரகத்தை வெளியிடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூத்த விஞ்ஞானி ஒருவர், வெளியிலிருந்து வந்தவர், கேட்டார்: "இந்த ஊர்ல மட்டும் ரோட்டோரப் பாகம் ஏன் இவ்வளவு வித்தியாசமா இருக்குது?"

என் அதிகாரி, "மண் கொஞ்சம் ஆழம் சார்" என்றார்.

நான் எழுந்தேன். எழ வேண்டும் என்று யோசித்து எழவில்லை. யோசித்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன். "மண் இல்லைங்க சார். தண்ணி லாரி."

கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். கடைசியில் அந்த மூத்தவர் பேனாவை மூடிவிட்டு, "அப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு பாகம் போச்சு, இன்னொண்ணுல கசிஞ்சிருக்குது. இந்தச் சோதனை செல்லாது. அடுத்த வறட்சியில திரும்பப் போடுங்க" என்றார்.

அடுத்த வறட்சி. டீக்கடையில் அடுத்த டீ சொல்வதுபோலச் சொன்னார்.

கூட்டம் முடிந்து வராந்தாவில் என் அதிகாரி அதட்டாத குரலில்தான் சொன்னார்: "வாய வெச்சுகிட்டுச் சும்மா இருந்திருந்தா ஒரு ரகமாச்சும் வெளிய வந்திருக்கும்லம்மா?"

வந்திருக்கும். நெட்டை வந்திருக்கும். என் மாமனாரும் மாதம்மாள் அக்காவும் அதை விதைத்திருப்பார்கள். முதல் வறட்சியில் அது பதராகப் போயிருக்கும். ஆகவே நான் பேசியது சரி. ஆனால் நான் பேசியதால் குட்டையும் வெளியே வரவில்லை. குளிக்கும்போது சரி என்று தோன்றுவது, குழந்தையைத் தூங்கவைக்கும்போது தவறு என்று தோன்றுகிறது. பேசாமல் இருந்துவிட்டு, பிறகு அந்த மூத்தவரைத் தனியாகப் பார்த்திருக்கலாமோ? லாரி வந்த காலையில் காட்டுக்கு முதலில் போயிருக்கலாமோ? இந்தக் கேள்விகளை நான் கேட்டுக்கொள்கிறேன். லாரியை அனுப்பியவர் ஒன்றையாவது கேட்டுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. இரவில் நன்றாகத் தூங்குகிறவர் போலத்தான் இருக்கிறார்.

மறுபடி அதே பாய்

திரும்பப் போட்டோம். அதே காடு, அதே மூன்று பாகம். இந்த முறை லாரி உள்ளே வர முடியாதபடி ரோட்டோரம் முள் அடைத்திருக்கிறேன். அலுவலகத்தில் கேட்டதற்கு ஆடு வருகிறது என்று சொன்னேன்.

இந்த வருஷமும் பயிர் பூக்கிற நேரத்தில் மழை நின்றிருக்கிறது. காலையில் போய்ப் பார்க்கிறேன். குட்டை இலையை விரிக்கிறது. மாமனாரின் காடு மறுபடி வாடுகிறது. மாதம்மாள் அக்கா வரப்பில் நின்று, "இன்னுமா உனக்குப் பாத்து முடியல?" என்கிறாள். முடிந்திருக்க வேண்டியதுதான் அக்கா. முடிந்து, அந்த விதை இந்நேரம் உன் காட்டில் இருந்திருக்க வேண்டியது. உன் ஊர் காய்ந்தால்தான் என் வேலை நடக்கும் என்கிற இந்த நிலைமைக்கு என்னை இரண்டாம் முறை கொண்டுவந்து நிறுத்தியது வானம் இல்லை, ஒரு தண்ணீர் லாரி.

போன ஞாயிற்றுக்கிழமை சாமியார் மழைக்காக மன்றாடச் சொன்னார். அதே பாய். ஒரு பக்கம் என் மாமியார். மறுபக்கம் ஏஞ்சல். இப்போது அவளுக்கு மடி வேண்டாம், தனியாகத்தான் உட்காருவாள். மஞ்சளைத் தாண்டிப் பச்சைக்கு வந்துவிட்டாள், வாயும் வந்துவிட்டது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் சொன்னது. ஏஞ்சல் எல்லோரும் முடித்த பிறகு தனியாக, உரக்க, "கேட்டலுளும்" என்றாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிச் சிரித்தார்கள். அவள் என் வாயையே பார்த்தாள். அது மூடியிருந்தது. என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, நீ சொல்லு."

என் மாமியார் கிள்ளவில்லை. கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

சொன்னேன். குழந்தைக்குக் கேட்கிற மாதிரி, கோயிலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மழை வந்து என் சோதனை கெட்டால் கெடட்டும். மழை எல்லோர் காட்டிலும் ஒரே மாதிரி பெய்யும், மாமனாரின் ராகியும் பிழைக்கும், தெருக் குடங்களும் நிறையும். அப்படிக் கெட்டால் நான் அடுத்த வருஷமும் விதைப்பேன், யார் மேலும் கோபப்படமாட்டேன்.

ஒன்றை மட்டும் மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். ஆண்டவரே, தருவதானால் மேலேயிருந்து தாரும். லாரியில் அனுப்ப வேண்டாம்.